கடைவாய்ப் பல் போன பிறகு: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவர்களின் பதில்களும்

அறுபதைத் தாண்டியவர்களின் கடைவாய்ப் பற்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த குறை ஒன்று உண்டு. கழற்றி மாட்டுகிற பல் செட் கட்டியாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, செட் மட்டும் டப்பாவிலேயே கிடக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

என் அம்மாவுக்கு 74 வயது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் எல்லாம் போய்விட்டன. மேலே பற்கள் இருக்கின்றன. "உடையாது, கம்பி தெரியாது" என்று சொல்லி போன வருடம் நைலான் செட் கட்டினார்கள். போட்டால் ஈறு புண்ணாகிறது, தோசையைக்கூட மெல்ல முடியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது ஒரு டாக்டர் உலோக செட் என்கிறார், இன்னொருவர் தாடை எலும்பில் பதிக்கிற இம்ப்ளான்ட் என்கிறார். எதைக் கேட்பது?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

இரண்டு பேர் சொல்வதும் தவறில்லை. ஆனால் முதலில் நைலான் செட் ஏன் தோற்றது என்று புரிந்துகொண்டால்தான் அடுத்ததும் தோற்காமல் இருக்கும்.

அம்மாவின் கீழ்த்தாடையில் காலி இடத்துக்கு முன்னால் பல் இருக்கிறது, பின்னால் இல்லை. மெல்லும்போது செட்டின் முன்பகுதி பல்லில் தாங்கும், பின்பகுதி வெறும் ஈறில் உட்காரும். நல்ல பல் கால் மில்லிமீட்டர்கூட அமுங்காது. ஈறு ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே அமுங்கும். இரண்டு கால் தரையிலும் இரண்டு கால் மெத்தையிலும் நிற்கிற கட்டிலில் படுத்த மாதிரி, ஒவ்வொரு கடிக்கும் செட் பின்பக்கம் இறங்குகிறது.

நைலான் செட் இந்த இடத்துக்கு ஏற்றதல்ல. அது வளையும். அதனால் கடிக்கிற விசை பரவாமல் கடித்த இடத்திலேயே ஈறை அழுத்துகிறது. பல்லின் மேல் ஏறி உட்கார்ந்து செட்டைத் தடுத்து நிறுத்தும் 'ரெஸ்ட்' என்ற உறுப்பு பெரும்பாலான நைலான் செட்டில் கிடையாது. தடுப்பில்லாத செட் நாளாக ஆக கீழே இறங்கி, முன்னால் உள்ள பல்லின் கழுத்தோரம் ஈறை உரித்துக்கொண்டே போகும். புண் வந்த இடத்தை ராவிச் சரிசெய்யலாம் என்றால் நைலான் நார் நாராகப் பிரியும். எலும்பு தேய்ந்த பிறகு உட்புறத்தில் புதிதாகப் பூசி ஈறோடு பொருத்துவதும் கஷ்டம். முன்னாலும் பின்னாலும் பல் இருக்கிற ஒரு சின்ன இடைவெளிக்கு, கொஞ்ச காலத்துக்கு என்றால் நைலான் பரவாயில்லை. பின்னால் தாங்கல் இல்லாத கீழ்த்தாடைக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

இப்போது உலோக செட்டுக்கு வருவோம். இது கோபால்ட் குரோமியத்தில் வார்த்த சட்டகம், அதன்மேல் ரோஸ் நிற அக்ரிலிக் பிளாஸ்டிக், அதில் பற்கள். சட்டகத்தில் மூன்று உறுப்புகளைக் கவனியுங்கள். முதலாவது ரெஸ்ட். இதற்காக முன்னால் உள்ள பல்லின் மேற்பரப்பில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சின்னக் குழி எடுக்க வேண்டும். குழி எடுக்காமலே அளவு எடுத்து லேபுக்கு அனுப்பினால், வருகிற செட் ஒன்று கடியில் இடிக்கும் அல்லது ரெஸ்டே மெலிந்து முறியும். இரண்டாவது, நாக்குப் பக்கம் ஓடுகிற பட்டை. ஈறு விளிம்புக்கும் நாக்கை உயர்த்தும்போது எழும்புகிற வாயின் அடித்தரைக்கும் நடுவில் ஏழு, எட்டு மில்லிமீட்டர் இடம் இருந்தால்தான் பட்டை வைக்கலாம். இல்லையென்றால் பற்களின் உட்புறத்தை ஒட்டிய தகடு வைப்பார்கள். மூன்றாவது, பல்லைப் பிடிக்கிற கம்பி. பல்லின் வயிற்றுக்குக் கீழே கால் மில்லிமீட்டர் உள்வாங்கிய இடத்தில் அதன் நுனி போய் உட்காரும். பிடிப்புக்கு அது போதும். கம்பியை இறுக்கிக்கொண்டே போனால் பிடிப்பு கூடுவதில்லை, பல்தான் ஆட ஆரம்பிக்கும்.

அக்ரிலிக் பகுதி எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதுதான் நாங்கள் பார்த்த தோல்விகளில் பலவற்றுக்குக் காரணம். கீழ்த்தாடையின் கடைசியில், ஞானப்பல் இருந்த இடத்துக்குப் பின்னால் மெத்தென்ற ஒரு திட்டு இருக்கும். செட் அந்தத் திட்டின் மேல் ஏற வேண்டும், கன்னப் பக்கம் உள்ள தட்டையான எலும்புப் பரப்பையும் மூட வேண்டும். பாரம் பரந்த இடத்தில் விழுந்தால் ஈறு தாங்கும். "சின்னதா இருந்தா உறுத்தாது" என்று நோயாளி கேட்க, பின்பகுதியை வெட்டிக் குறைத்துக்கொடுத்தால் அது ஒரு புள்ளியில் குத்தும். பெரிய செட் முதல் பத்து நாள் வாயை நிறைத்த மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். சின்ன செட் முதல் நாள் சுகமாக இருந்து, மாதக்கணக்கில் புண்ணாக்கும்.

ஒழுங்காகச் செய்தால் ஐந்து, ஆறு முறை போக வேண்டியிருக்கும். முதலில் அல்ஜினேட் என்ற மாவில் பல்லின் அச்சு அளவு, எக்ஸ்ரே, டார்ட்டர் என்ற பல் காறை எடுப்பது, சொத்தைகளை அடைப்பது. பிறகு ரெஸ்ட் குழி எடுத்து இறுதி அளவு. அடுத்து வெறும் உலோகச் சட்டகத்தை வாயில் உட்கார வைத்துப் பார்ப்பது. இந்தக் கட்டத்தில் சட்டகத்தோடு சேர்த்தே ஈறுக்குத் தனியாக, லேசான அழுத்தத்தில் இன்னொரு அளவு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் உள்ள அமுங்கல் வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது இந்த அளவுதான், அவசரத்தில் விடுபடுவதும் இதுதான். அதன் பிறகு மேல், கீழ்ப் பற்கள் சேர்கிற கடியை அளவு எடுப்பது, மெழுகில் பல் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட் பொருத்துவது. பொருத்திய மறுநாள் ஒரு முறையும், வாரம் கழித்து ஒரு முறையும் கட்டாயம் காட்டுங்கள். டாக்டரிடம் போவதற்கு முன் புண் இருந்தாலும் சில மணி நேரம் செட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். எந்த இடம் அழுத்துகிறது என்பது ஈறில் சிவந்து தெரிந்தால்தான் சரியான இடத்தில் ராவ முடியும்.

இம்ப்ளான்ட் என்றவுடன் பக்கத்துக்கு இரண்டு, மூன்று என்று பயப்பட வேண்டாம். இந்த வயதில் எங்களுக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: பக்கத்துக்கு ஒரே ஒரு இம்ப்ளான்ட், முதல் அல்லது இரண்டாம் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில். அதன்மேல் ஒரு குமிழ். செட் அந்தக் குமிழில் 'டக்'கென்று உட்காரும். செட் கழற்றி மாட்டுவதுதான், ஆனால் பின்னால் ஒரு தாங்கல் வந்துவிட்டதால் இறங்காது. அதற்கு சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்புக் குழாய்க்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்று அளக்க வேண்டும். இம்ப்ளான்ட் நுனிக்கும் நரம்புக்கும் இடையே குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் விட வேண்டும். விடாவிட்டால் கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும்.

அம்மாவுக்கு எங்கள் யோசனை: முதலில் நல்ல உலோக செட். ஆறு மாதம் போட்டுப் பழகட்டும். அதற்குப் பிறகும் பின்னால் இறங்குகிறது, வலிக்கிறது என்றால் அதே செட்டுக்கு அடியில் இம்ப்ளான்ட் சேர்க்கலாம். சட்டகம் வடிவமைக்கும்போதே அந்த எண்ணத்தைச் சொல்லிவிட்டால் குமிழுக்கு இடம் விட்டுச் செய்வார்கள்.

எனக்கு 69 வயது. கீழே வலது பக்கம் கடைசியாக ஒரே ஒரு கடைவாய்ப் பல் நிற்கிறது. சொத்தை, கொஞ்சம் ஆட்டம். "இதையும் எடுத்துவிட்டு மொத்தமாக செட் கட்டிக்கலாம்" என்கிறார்கள். எடுக்கலாமா?
(வாசகர், வண்ணாரப்பேட்டை)

எடுப்பதற்கு முன் இன்னொரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். அந்த ஒரு பல் பின்னால் நிற்கும்வரை செட்டுக்கு முன்னாலும் பின்னாலும் தாங்கல் இருக்கிறது. அது போன அன்றைக்கு உங்கள் வாய் வேறு வகைக்கு மாறிவிடும்.

ஆட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து முடிவு. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால், ஈறுக்கடியில் சுத்தம் செய்து, கடியில் இடிக்கிற முனையைக் குறைத்தாலே பெரும்பாலும் இறுகும். அதற்கு மேல் என்றால் எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எத்தனை பங்கு எலும்பு மிச்சம் என்று பார்க்க வேண்டும். பல் மேலும் கீழுமாக அமுங்கி எழுகிறது என்றால் மட்டும் அதை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. சொத்தை நரம்புவரை போயிருந்தால் ரூட் கேனால் செய்து கேப் போடலாம்.

கேப் போடும் அளவுக்குப் பல் மிஞ்சவில்லையா? அப்போதும் வேரை விட்டுவைக்கலாம். ரூட் கேனால் செய்து, ஈறு மட்டத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் மேலே குட்டையாக வெட்டி, மேலே அடைத்து, அதன்மேல் செட்டை உட்கார வைப்பது பழைய, நம்பகமான முறை. வேர் இருக்கும்வரை சுற்றியுள்ள எலும்பு அவ்வளவாகக் கரையாது. பல்லைப் பிடுங்கினால் முதல் ஓர் ஆண்டில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். தினமும் அந்த வேரின் தலையை ஃப்ளூரைடு பேஸ்ட் வைத்துத் தேய்க்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவருக்கு இந்த முறை உதவாது.

அப்பாவுக்கு 80. நான்கு மூலையிலும் கடைசிப் பற்கள் இல்லை. "எனக்கு நல்லா மெல்ல முடியுது, பல் கட்ட வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். கட்டாவிட்டால் தாடை மூட்டு கெட்டுப்போகும் என்று சொல்கிறார்களே?
(வாசகி, அடையாறு)

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைசர் 1981இல் இதைப் பற்றி எழுதினார். முன்பற்களும் அவற்றுக்குப் பின்னால் உள்ள சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் சேர்ந்து கடிபடுகிற நிலையில் இருந்தால், வயதானவருக்கு மெல்ல அது போதும் என்பதுதான் அவர் சொன்னது. மொத்தம் 20 பற்கள் வரும். ஜப்பான் 1989இல் தொடங்கிய '8020' இயக்கத்தின் இலக்கும் அந்த எண்தான்: 80 வயதில் 20 பற்கள். பின்பல் இல்லாததால் மட்டும் தாடை மூட்டு கெடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஆனால் சும்மா விடக்கூடாத சில நிலைமைகள் உண்டு. சாப்பாடு குறைந்து எடை இறங்குவது, சுண்டல், கீரைத்தண்டு, முருங்கைக்காய் எல்லாம் தட்டிலிருந்து காணாமல்போய் குழைந்த சாதமே மூன்று வேளையும் ஆவது, முன்பற்கள் தேய்ந்து அல்லது முன்னால் விரிந்து வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கட்டத்தான் வேண்டும். மேலோ கீழோ ஒரு தாடையில் மட்டும் பல் போய், எதிர்ப்பல் இறங்கிவந்து ஈறைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். ஜோடி இழந்த பல் தன் குழியிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். இடம் அடைபட்ட பிறகு செட்டுக்கோ இம்ப்ளான்டுக்கோ உயரம் இருக்காது.

இவை எதுவும் இல்லையென்றால் அப்பாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த 20 பற்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். பணத்தையும் அக்கறையையும் இருக்கிற பல்லில் போடுவதுதான் அவருக்கு நல்லது.

66 வயது. கீழ் முதல் கடைவாய்ப் பல் ஒன்றுதான் இல்லை. பிரிட்ஜா, இம்ப்ளான்டா?
(வாசகர், அண்ணா நகர்)

பக்கத்துப் பற்களைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. இரண்டும் அப்பழுக்கில்லாத பற்கள் என்றால், அவற்றை ராவி கேப் ஏற்றி, நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்க வைக்கிற பிரிட்ஜ் நஷ்டம். இம்ப்ளான்ட் நல்லது. இரண்டுமே பெரிய அடைப்போடு நின்று, எப்படியும் கேப் தேவை என்றால் பிரிட்ஜ் சரி. அறுவை இல்லை, இரண்டு மூன்று வாரத்தில் முடியும்.

பிரிட்ஜ் எப்படித் தோற்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து கேப்பின் சிமென்ட் கரைந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் விழாது. உள்ளே எச்சில் போய்ப் பல் சத்தமில்லாமல் அழுகும். பிரிட்ஜை விரலால் அழுத்தி விடும்போது கேப் ஓரத்தில் குமிழ் வருகிறதா, வாயில் கெட்ட சுவை, வாடை தெரிகிறதா? தெரிந்தால் அன்றே போங்கள். நடுப்பல்லின் அடியில் தினமும் சூப்பர் ஃப்ளாஸ் என்ற தடித்த நூல் அல்லது இடைப்பல் பிரஷ் விட்டு எடுக்க வேண்டும்.

இம்ப்ளான்டுக்கு, கீழ்த்தாடையில் எலும்பு ஒட்ட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பல் போய் வருடக்கணக்கானதால் பக்கத்துப் பல் சாய்ந்து இடைவெளி ஏழு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் வைக்க முடியாது. இம்ப்ளான்டில் சொத்தை வராது, ஆனால் ஈறுநோய் மாதிரியே சுற்றியுள்ள எலும்பு கரையும் நோய் வரும். புகை பிடிப்பவர்களுக்கும், பழைய பற்களை ஈறுநோயில் இழந்தவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். அவர்களுக்கு முதலில் ஈறு சிகிச்சை, பிறகுதான் இம்ப்ளான்ட் பேச்சு.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மாத்திரை சாப்பிடுகிறார். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியும் போடுகிறோம். இரண்டு பல் எடுத்துவிட்டுப் பல் கட்ட வேண்டும். எதை நிறுத்த வேண்டும்?
(வாசகர், தாம்பரம்)

வீட்டில் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பல் எடுக்கும்போது ரத்தம் கொஞ்சம் அதிகம் வந்தால் அந்த இடத்திலேயே தையலும் டிரானெக்சாமிக் ஆசிட் நனைத்த பஞ்சும் வைத்து நிறுத்திவிடலாம். ஸ்டென்டில் ரத்தம் கட்டினால் அப்படிச் சமாளிக்க முடியாது. ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டே ஓரிரு பல் எடுக்கலாம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரைக் கேட்டே முடிவு. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் முதல் நாள் ரத்தம் உறைவதை அளக்கிற ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து, 3.5க்குள் இருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு போங்கள்.

சர்க்கரைக்கு மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி பாருங்கள். 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8ஐத் தாண்டியிருந்தால் இம்ப்ளான்ட் போன்றவற்றைத் தள்ளிவைத்து முதலில் சர்க்கரையை இறக்குங்கள். காலையில் டிபனும் மாத்திரையும் சாப்பிட்ட பிறகு போகிற நேரமாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது விஷயத்தைத்தான் பலர் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். "அது எலும்புக்குப் போடறது, பல்லுக்கு எதுக்கு" என்று நினைப்பார்கள். ஆறு மாத ஊசி என்றால் பெரும்பாலும் டெனோசுமாப் 60 மில்லிகிராம். வருடத்துக்கு ஒரு முறை என்றால் ஜோலெட்ரானிக் ஆசிட். வாரம் ஒரு மாத்திரை என்றால் அலெண்ட்ரோனேட் போன்றது. இவை எலும்பு கரைவதைத் தடுப்பவை. அதனாலேயே பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிய நேரிடும் ஆபத்து சிறிய அளவில் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் அது அரிது. புற்றுநோய்க்காக மாதாமாதம் போடுகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு, அவர்களுக்கு இம்ப்ளான்ட் வேண்டாம்.

டெனோசுமாப் போடுகிறவர்களுக்குப் பல் எடுக்க ஏற்ற நேரம், கடைசி ஊசி போட்டு மூன்று, நான்கு மாதம் கழித்து. புண் ஆறியதும் அடுத்த ஊசியைத் தவறாமல் போட்டுவிட வேண்டும். பல் வைத்தியத்துக்காக என்று ஊசியை மாதக்கணக்கில் தள்ளினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் இருக்கிறது. எனவே எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் ஒரு முறை போனில் பேசிக்கொள்வது அவசியம். அம்மாவின் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஊசிச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். செட் கட்டிய பிறகும் அவருக்கு ஈறில் அழுத்தப் புண் வரக்கூடாது. இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு செட் அழுத்திய புண்ணிலிருந்தும் அந்தத் தொல்லை தொடங்கலாம்.

மேல் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்க 'சைனஸ் லிஃப்ட்' என்கிறார்கள். 71 வயதில் தேவையா?
(வாசகர், பெரம்பூர்)

மேல் கடைவாய்க்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனதும் கீழே எலும்பு கரையும், மேலே அந்த அறை இறங்கும். நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் எலும்பு இருந்தால், இம்ப்ளான்ட் துளை வழியாகவே சவ்வைச் சற்று உயர்த்தி வைத்துவிடலாம். அல்லது ஆறு மில்லிமீட்டர் குட்டை இம்ப்ளான்ட் போதுமா என்று கேளுங்கள். அதற்கும் குறைவென்றால் பக்கவாட்டில் ஜன்னல் திறந்து எலும்புத் தூள் நிரப்பி, ஆறு மாதம் போலக் காத்திருக்க வேண்டும். 71 வயதில் ஒரு பல்லுக்காக அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மேல்தாடையில் செட் கீழ்த்தாடையைவிட நன்றாகவே உட்காரும், அண்ணத்தின் தாங்கல் இருக்கிறதே. செய்துகொண்டால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

ஒரே ஒரு பல் வைத்த சின்ன செட் போட்டிருக்கிறேன். தூக்கத்தில் கழன்றுவிடுகிறது. ஆபத்தா?
(வாசகர், திருவொற்றியூர்)

ஆம். இன்று இரவே கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். அந்த அளவுள்ள செட்டைத் தூக்கத்திலோ சாப்பாட்டோடோ விழுங்கிவிடுகிறார்கள். கம்பியின் முனை உணவுக் குழாயைக் கிழிக்கும். அப்படி நேர்ந்தால் மீன் முள்ளுக்குச் செய்கிற மாதிரி சாத உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கவே கூடாது, முனை இன்னும் ஆழமாக இறங்கும். எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். மூச்சுத் திணறினால் 108. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பப் பார்த்தால், "பிளாஸ்டிக் பல் செட்" என்று மீண்டும் அழுத்திச் சொல்லுங்கள். கழன்றுவிழும் செட்டைப் பசை போட்டுக் காலம் ஓட்டாதீர்கள். தாடையின் மறுபக்கம்வரை நீட்டி, அங்கேயும் பிடிப்பு கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

செட்டை பேஸ்ட் போட்டுத்தான் தேய்க்கிறேன். வாடை போகவில்லை, வெள்ளையாகப் படிகிறது. ஈறும் சிவந்திருக்கிறது.
(வாசகி, திருவல்லிக்கேணி)

பேஸ்ட் வேண்டாம், அக்ரிலிக்கில் கீறல் விழுந்து அந்தக் கீறலில்தான் அழுக்கு தங்குகிறது. மென்மையான பிரஷ், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு, ஆறிய தண்ணீர். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பிவைத்து அதன்மேல் பிடித்துத் தேய்த்தால் கை நழுவினாலும் உடையாது. வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். வெள்ளைப் படிவத்தைக் கத்தியால் சுரண்டாமல் கிளினிக்கில் கொடுத்தால் அல்ட்ராசானிக் கருவியில் எடுத்துத் தருவார்கள். உலோக செட்டை பிளீச்சிங் கலந்த நீரில் ஊறவைக்காதீர்கள், உலோகம் கறுத்து அரிக்கும்.

செட்டின் அச்சு மாதிரியே ஈறு சிவந்திருந்தால் அது பெரும்பாலும் காளான் தொற்று. இரவும் பகலும் போட்டிருப்பதால் வருவது. இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் மருந்து வேண்டும். கம்பி பிடிக்கிற பல்லை மறந்துவிடாதீர்கள். கம்பிக்கு அடியில் பல்லின் கழுத்தில்தான் முதல் சொத்தை வரும். ரத்த அழுத்தம், தூக்கம், அலர்ஜி மாத்திரைகளால் வாய் உலர்ந்திருப்பவர்களுக்கு அது வேகமாக வரும், அவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது நல்லது.

வருடம் ஒரு முறை வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன் செட்டைப் போட்டு, கடைசிப் பல்லின் மேல் விரல் வைத்து அழுத்துங்கள். முன்னால் ரெஸ்ட் பல்லிலிருந்து எழும்பினால், அடியில் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புது செட் தேவையில்லை. உட்புறம் புதிதாக அக்ரிலிக் பூசி ஈறோடு பொருத்தினால் போதும்.

இவ்வளவு செலவு செய்ய முடியாது. சென்னையில் எங்கே போகலாம்?
(வாசகர், வியாசர்பாடி)

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கோட்டையில் இறங்கினால் நடந்துவிடலாம். காலையிலேயே ஓபி சீட்டு போட்டு, செயற்கைப் பல் பிரிவைக் கேளுங்கள். புறநகரில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணம்தான். மாணவர்கள் செய்வதால் நடை அதிகம், உட்கார்ந்திருக்கும் நேரமும் அதிகம். ஆனால் பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதால், நாம் முன்னால் சொன்ன சட்டகம் பார்ப்பது, ஈறுக்குத் தனி அளவு எல்லாம் விடுபடுவது குறைவு.

எங்கே போனாலும் தொகையை எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் என்றால் அந்தத் தொகையில் ஸ்கேன், அடித்தண்டு, மேல் கேப் எல்லாம் அடங்குமா, இம்ப்ளான்ட் கம்பெனியும் அளவும் எழுதிய ஸ்டிக்கர் அட்டை தருவார்களா என்று கேளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு டாக்டர் ஒரு ஸ்க்ரூ இறுக்க வேண்டுமென்றாலும் அந்த அட்டை வேண்டும்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரவில்லை. முகமும் ஒரு பக்கம் மரத்திருக்கிறது. பழைய செட்டைப் போடலாமா?
(வாசகி, குரோம்பேட்டை)

விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று நரம்பியல் டாக்டரோ விழுங்கல் பயிற்சி கொடுப்பவரோ பார்த்துச் சொல்லும்வரை போடாதீர்கள். சரி என்ற பிறகு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். மரத்த பக்கம் செட் அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது. எனவே தினமும் டார்ச் அடித்து, நாக்கை ஒதுக்கி, செட் படும் இடம் முழுக்கப் பாருங்கள். சாப்பிட்டதும் அந்தப் பக்கக் கன்னத்துக்குள் சாதம் தங்கியிருக்கும். விரலில் ஈரத் துணி சுற்றித் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

இடது கையால் அவரே மாட்டிக் கழற்ற முடிகிற மாதிரி கம்பியைத் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். கழற்ற விரல் பிடிக்க அக்ரிலிக்கில் சின்ன மேடு ஒன்றும் வைத்துத் தருவார்கள். மருத்துவமனையில் இருக்கும்போது செட் சாப்பாட்டுத் தட்டோடு போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. செட்டின் உட்புறத்தில் அவர் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, மேலே நிறமற்ற அக்ரிலிக் பூசி மூடச் சொல்லுங்கள். லேபில் அரை மணி நேர வேலை.